எந்த மேசையில் கையெழுத்து ஆகும்? மலைக் கிராமங்கள் சேர்ந்து கோரிக்கை வைப்பது எப்படி

பாதை வேண்டும் என்று கலெக்டரிடம் மனு கொடுக்காத குக்கிராமம் சேர்வராயன் மலையில் இருக்காது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவை வாங்கிக்கொள்வார்கள், எண் போட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். சில வாரம் கழித்து, ‘தங்கள் மனு வனத்துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று கடிதம் வரும். அதோடு சரி. அடுத்த வருஷம் அதே மனு, தேதி மட்டும் மாற்றி.

நான் ஏற்காடு தாலுகாவில் ஒரு குக்கிராமத்துக்காரி. மலையாளி பழங்குடி. (கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகத்தான் எங்கள் பெரியவர்கள் கதை சொல்வார்கள்.) மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால், வன உரிமைக் குழுவின் (காட்டு நிலத்தில் உரிமை கேட்கும் மனுக்களைச் சரிபார்க்க ஊரில் அமைக்கும் குழு) தீர்மானப் புத்தகமும் என் தலையில் விழுந்தது. அந்தப் புத்தகத்தோடு பல அலுவலகங்களில் உட்கார்ந்து பழகியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வத்தல்மலை, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலைக்காரர்களுக்கும் இது பயன்படும்.

கூட்டம் சேர்ப்பதற்கு முன்னால்

பெரும்பாலான சங்கங்கள் முதலில் ஆள் சேர்ப்பார்கள், அப்புறம் கோரிக்கை எழுதுவார்கள், கடைசியில்தான் யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் கோரிக்கை எந்த அதிகாரியின் மேசையில் கையெழுத்தாகும் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அவர் கையெழுத்துப் போட என்ன காகிதம் தேவை, அந்தக் காகிதத்தை யார் கொடுக்க முடியும் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் வாருங்கள். வந்து சேரும் இடம் பெரும்பாலும் நம் ஊர்க் கோயில் திண்ணையாகத்தான் இருக்கும்.

பாதையையே எடுத்துக்கொள்வோம். காப்புக்காட்டுக்குள் பாதை போட முடியாது என்று ரேஞ்சர் சொன்னதும் நாம் வாயடைத்துப் போகிறோம். காட்டில் வாழ்கிறவர்களின் உரிமையை அங்கீகரிக்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(2) என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை என்று 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தைப் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள் நிலம் இருக்க வேண்டும்; ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது; கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அனுமதி கொடுப்பவர் மாவட்ட வன அலுவலர். டெல்லிக்கு ஃபைல் போக வேண்டியதில்லை.

1 ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். 5 மீட்டர் அகலத்தில் பாதை போட்டால் 2 கிலோமீட்டர் வரும். எங்கள் மலையில் நிறைய ஊர்களுக்கு அவ்வளவுதான் வேண்டும். இந்தக் கணக்கைக் கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ‘சாலை வசதி செய்து தரும்படி’ என்று மொட்டையாக எழுதாமல், எங்கிருந்து எங்கே, நீளம், அகலம், எத்தனை மரம், எந்தப் பிரிவின் கீழ் என்று எழுதுங்கள். இப்படி எழுதிய காகிதத்தை ‘மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது’ என்று தள்ளிவிடுவது கஷ்டம்.

நில உரிமைக்கு மேசை வேறு. ஊர் வன உரிமைக் குழு, கிராம சபை, ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான கோட்டக் குழு, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு என்று போகும். சாதிச் சான்றிதழ் என்றால் ஆர்டிஓ. ஆனால் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களின் பிரச்சினைக்கு ஆர்டிஓவும் கலெக்டரும் ஒன்றும் செய்ய முடியாது. மலையாளிகளைப் பழங்குடி என்று சொல்லும் பட்டியலில் சேலம், தர்மபுரி, வட ஆற்காடு என்று மாவட்டப் பெயர் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஈரோடு அதில் இல்லை. அதே பேச்சு, அதே சாமி, அதே மலைவாழ்வு, ஆனால் அங்கே சான்றிதழ் கிடையாது. அதை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். நரிக்குறவர்களும் குருவிக்காரர்களும் பல வருஷம் போராடி, 2023 ஜனவரியில்தான் அப்படிப் பட்டியலுக்குள் வந்தார்கள். பர்கூர்க்காரர்கள் தாசில்தார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தால் செய்தித்தாளில் படம் வரும், சான்றிதழ் வராது. மாநில அரசு பரிந்துரை அனுப்ப வேண்டும், அதற்கு ஆராய்ச்சி அறிக்கை வேண்டும். அங்கே நாங்கள் செய்யக்கூடிய உதவி, இரண்டு மலைக்கும் நடுவில் இருக்கும் உறவுமுறை, குலப்பெயர், கோயில் வழக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பதுதான்.

பொண்ணு கொடுத்த ஊர், பொண்ணு எடுத்த ஊர்

வலைப்பின்னல், கூட்டமைப்பு என்றெல்லாம் பயிற்சிக் கூட்டத்தில் சொல்வார்கள். வட்டம் வட்டமாக வரைந்து அம்புக்குறி போடுவார்கள். எங்களுக்கு அது புதிது அல்ல. நாகலூர்ப் பக்கத்துப் பெண்ணை மாரமங்கலத்துக்குக் கொடுத்திருப்போம், அவளுடைய நாத்தனார் தலைச்சோலைக்கு வாழ்க்கைப்பட்டிருப்பாள். ஒரு ஊர்க் கவுண்டர் (ஊர்த்தலைவர்) கூப்பிட்டால் வராத ஆட்கள், அத்தை கூப்பிட்டால் வருவார்கள்.

இதில் சட்டமும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. வன உரிமை விதிகளில், மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம் எழுத்தில் இருந்தால் அது ஒரு சான்று. ‘மனுதாரர் அல்லாத’ என்பதைக் கவனியுங்கள். சின்ன ஊரில் பெரியவர்கள் எல்லோருமே மனுதாரர்களாக இருப்பார்கள். அப்போது யார் சாட்சி சொல்வது? இந்த ஊரில் பிறந்து, இங்கே ஆடு மேய்த்து, களை எடுத்து, வேறு ஊருக்குக் கல்யாணமாகிப் போன பெண்கள். அவர்களுக்கு ஒவ்வொரு வரப்பும் தெரியும். நிலத்தில் பங்கும் கேட்கவில்லை. நாங்கள் வாங்கியதிலேயே உறுதியான வாக்குமூலங்கள் அந்த ஆயாக்கள் கொடுத்தவைதான். நீங்கள் போய் அவர்களிடம் எழுதிக்கொள்ளும்போது, அந்த ஊரும் ‘எங்களுக்கும் இப்படித்தானே?’ என்று கேட்கும். கூட்டமைப்பு அங்கேயே தொடங்கிவிடும். தனியாக மாநாடு போட வேண்டியதில்லை.

எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் மே மாதத்துச் சேர்வராயன் கோயில் திருவிழா இருக்கிறது. அங்கே துண்டுச் சீட்டுக் கொடுக்காதீர்கள், மைக் பிடிக்காதீர்கள். சாமி கும்பிட வந்த இடத்தில் அரசியல் பேசினால் பெரியவர்களுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு ஊரிலும் எழுதத் தெரிந்த ஒரு பெண்ணையும், அலையத் தயாரான ஒரு பையனையும் அடையாளம் கண்டு ஃபோன் நம்பர் வாங்கிக்கொண்டால் போதும்.

வாட்ஸப் குழு வைத்தால், வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான் என்று விதி வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் குழுவில் பேச அதுதான் வழி. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வரும்போது கேட்டுக்கொள்வார்கள். காலை வணக்கம் படம் போடுகிறவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எல்லா ஊரும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்

ஒரு ஊர் சொன்னால் அது அந்த ஊரின் பிரச்சினை. பல ஊர்கள் ஒரே மாதிரி சொன்னால்தான் ‘இது நடைமுறையில் உள்ள கோளாறு’ என்று அரசாங்கம் நினைக்கும். ஒரே மாதிரி என்றால் ஒரே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்து வாங்குவது அல்ல. அதை அதிகாரிகள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். யாரோ எழுதிக் கொடுத்தது என்று ஒதுக்கிவைப்பார்கள். கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும். பதில் அந்தந்த ஊர் மண்ணோடு வர வேண்டும்.

பழங்குடிகள் 2005 டிசம்பர் 13க்கு முன்னாலிருந்து நிலத்தை அனுபவித்து வருவதாகக் காட்ட வேண்டும். எங்கள் பெரியவர்களிடம் தேதி கேட்டால் ‘வெகு காலமா’ என்பார்கள். அதை எழுதினால் வாக்குமூலம் நிற்காது. அதனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டோம். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. சட்டம் சொல்லும் தேதிக்கு ஒரு வருஷம்கூட முந்தியதில்லை. ஆகவே எல்லா ஊரிலும் முதல் கேள்வி இதுதான்:

“ஆயா, சுனாமி வந்துச்சே, அந்த வருசம் இந்தக் காட்டுல என்ன வெள்ளாமை?”

“சாமை. அறுத்துக் களத்துல கெடந்துச்சு. எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போன எடத்துல டிவில பாத்தேன்னு சொன்னாங்க. நான் பாக்கல.”

இதை அப்படியே எழுதுங்கள். ‘நான் பாக்கல’ என்பதையும் சேர்த்து. அழகாக்கி, ‘மேற்படி நிலத்தில் தொன்றுதொட்டு வேளாண்மை செய்து வருகிறோம்’ என்று மாற்றினால் அந்த ஆயா காணாமல் போய்விடுவார். விசாரணைக்கு வரும் அதிகாரி அவரிடமே திரும்பக் கேட்டால் வேறு பதில் வரும். சொன்னபடி எழுதியது எப்போது கேட்டாலும் மாறாது.

அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் எம்ஜிஆர் இறந்த 1987, இந்திரா காந்தி இறந்த 1984. அடுத்து, நிலத்தில் கைவேலை எது என்று கேளுங்கள்: கல் வரப்பு யார் போட்டது, கிணறு யார் வெட்டியது, புதைகாடு எங்கே, எந்த மரத்தடியில் சாமி. வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் எல்லாம் விதிகளிலேயே சான்றாகச் சொல்லப்பட்டவை. ஒரே சான்றோடு நிற்காமல் ஒன்றுக்கு மேல் வையுங்கள். இந்தக் காகிதம்தான் வேண்டும் என்று அதிகாரி அடம்பிடிக்க விதியில் இடமில்லை.

கடுக்காய், நெல்லி, தேன், சீமாறு எடுக்கும் இடங்களைத் தனியாகக் கேட்க வேண்டும். அது பெண்களுக்குத்தான் தெரியும். ஆண்களிடம் மட்டும் கேட்டால் வரைபடத்தில் பாதி காடு விட்டுப்போகும். தனி நிலத்துக்குப் படிவம் ஏ. மேய்ச்சல், சிறு வன மகசூல் போன்ற சமூக உரிமைக்குப் படிவம் பி. காட்டையே காத்து நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் சி. எல்லோரும் ஏ போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் கேட்டால் சி முதலில் போடச் சொல்வேன். தனி மனு போட்டவர்களைத் தனித்தனியாகப் பிரிப்பது சுலபம்.

இப்படி ஊர் ஊராகத் திரட்டிய பேச்சு சட்டத்துக்குள்ளேயே போன கதையும் உண்டு. 2002 மே மாதம் மத்திய அரசு வனத்துறைகளுக்கு, ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியது. பல மாநிலங்களில் பழங்குடிகள் விரட்டப்பட்டார்கள், குடிசைகள் போயின. அதுவரை தனித்தனியாக இருந்த அமைப்புகள் அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க ஒன்றாகச் சேர்ந்தன. ‘நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் இல்லை, எங்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டது அரசாங்கம்தான்’ என்று எல்லா மாநிலத்திலும் சொன்னார்கள். 2006இல் சட்டம் வந்தபோது அதன் முகப்புரையிலேயே பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதி என்று எழுதினார்கள். 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் 12 கிராம சபைகள் கூடி, பன்னிரண்டுமே பாக்ஸைட் சுரங்கம் வேண்டாம் என்றன. பாக்ஸைட் தோண்டிய மலையில் பிறந்தவள் நான்; அதைக் கேட்டபோது வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் நமக்கில்லை என்றே நிறையப் பேர் நினைத்ததற்குக் காரணம் உண்டு. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் தன் அனுமதி இல்லாமல் உரிமைப் பத்திரம் கொடுக்கக் கூடாது என்றது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும் வரை காகிதங்கள் தூங்கின. யாராவது பெரியவர் ‘அப்பவே எழுதிக் கொடுத்தோம், ஒண்ணும் வரல’ என்றால் அவரோடு சண்டை போடாதீர்கள். அவர் சொல்வது உண்மை. அந்தப் பழைய மனுவின் நகல் இருக்கிறதா என்று பரணில் தேடச் சொல்லுங்கள், இருந்தால் தங்கம்.

கிராம சபை

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. இதில் நவம்பரும் ஜனவரியும் காபிப் பழம் பறிக்கும் காலம். கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? தவிர, பஞ்சாயத்துக் கிராம சபையில் பல ஊர்கள் சேர்ந்திருக்கும். தெருவிளக்கும் வீட்டுவரியும் பேசி முடிவதற்குள் வெயில் ஏறிவிடும். வன உரிமைக்கென்று தனியாக, குக்கிராம அளவில் கூட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நேரம் மாலை, வேலைவிட்டு வந்த பிறகு.

வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடிகள், மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். கிராம சபைக் கூட்டத்துக்குச் சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லையென்று பிறகு தள்ளுபடி செய்வது அதிகாரிகளுக்கு வசதியான காரணம். எனவே கையெழுத்துப் பக்கத்தில் ஆண், பெண் தனித்தனியாக எண் போட்டு, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு மூடுங்கள். இடைவெளி விட்டால் யாரும் யார் பெயரையும் எழுதலாம். நிலத்தை அளக்கப் போகும் தேதியை வனத்துறைக்கு முன்கூட்டி எழுத்தில் தெரிவித்து, நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட்ட நகல் இருந்தால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று யாரும் சொல்ல முடியாது.

அசல் எப்போதும் ஊரில். வெளியே போவதெல்லாம் ஜெராக்ஸ். சங்கத் தலைவராக இருந்தாலும், நல்ல மனசுள்ள தொண்டு நிறுவனமாக இருந்தாலும் அசலைக் கொடுக்காதீர்கள். திட்டம் முடிந்து ஆபீசைக் காலி செய்து போனவர்களின் பீரோவில் எத்தனை ஊர்க் கதை இருக்கிறதோ!

யாரோடு சேர்வது

எஸ்டேட் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் தலித்துகள் நிறைய. அவர்களுக்குச் சொந்தமாக வீட்டுமனைகூட இல்லை. நம் கோரிக்கையையும் அவர்கள் கோரிக்கையையும் ஒரே மனுவில் எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேசை வேறு: அவர்களுக்கு வருவாய்த்துறை, தொழிலாளர் துறை; பழங்குடி அல்லாதவர்கள் வனநிலம் கேட்டால் 75 வருஷம் காட்ட வேண்டும். ஒரே மனுவானால் இரண்டும் சிக்கும். மனு தனித்தனியாக இருக்கட்டும், போகும்போது சேர்ந்து போகலாம். அவர்கள் மனு நாளில் நாம் நாலு பேர் போய் நிற்க வேண்டும். நிற்காமல் நம் நாளுக்கு மட்டும் கூப்பிட்டால் ஒரு தடவைதான் வருவார்கள்.

எம்எல்ஏவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பழங்குடிக்கு ஒதுக்கிய தொகுதி ஏற்காடும் சேந்தமங்கலமும் இரண்டே இரண்டுதான். எந்தக் கட்சியாக இருந்தாலும், சட்டசபையில் கேட்கும்படி ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள்: இந்தத் தாலுகாவில் எத்தனை மனு வந்தது, எத்தனை ஏற்றது, எத்தனை தள்ளியது, ஏன். நிருபர்கள் வந்தால் உங்களோடு நடக்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கிப்போன பாதையில் அரை மணி நேரம் நடந்தவர் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். யார் படம் போடலாம், யார் பெயர் போடக் கூடாது என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

நம் பெண்கள் சொல்லக் கூசும் விஷயங்களை வெளியே சொல்லச் சொல்லி யாரும் அவசரப்படுத்தக் கூடாது. சொல்லத் துணிந்தால் அவர்களை விட்டு நகரவும் கூடாது. வாச்சாத்தி எங்கள் ஆட்களின் ஊர்தான், அடுத்த மாவட்டம். 1992 ஜூனில் வனத்துறையினரும் போலீசாரும் ஊர்ப் பெண்களுக்குச் செய்த பாலியல் கொடுமைக்கு 2011இல் தீர்ப்பு வந்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை வருஷமும் அந்தப் பெண்கள் சொன்னதிலிருந்து மாறவில்லை. பக்கத்தில் மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சிக்காரர்களும் வக்கீல்களும் இருந்துகொண்டே இருந்தார்கள்.

தள்ளுபடி ஆனால்

வாய்வார்த்தையாக ‘ரிஜெக்ட் ஆயிருச்சு’ என்றால் ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். கிடைத்ததிலிருந்து 60 நாளுக்குள் மேல் குழுவுக்கு மனுப் போடலாம். எழுத்தில் தரவில்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, கோட்டக் குழுவின் கூட்டக் குறிப்பு நகலும் ஊர்வாரியாகத் தள்ளுபடிக் காரணமும் கேட்டுத் தகவல் உரிமை மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எல்லா ஊர்க் காரணங்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். வேறு வேறு ஊருக்கு ஒரே வாசகம் வந்திருந்தால், மனுவை யாரும் படித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அந்தத் தாளே போதும். மாவட்டக் குழுவுக்கும், தேவைப்பட்டால் பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்துக்கும் அதை அனுப்பலாம்.

2019 பிப்ரவரி 13இல், மனு தள்ளுபடி ஆனவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு வந்து, அந்த மாதம் 28ஆம் தேதியே நிறுத்தி வைத்தது. தள்ளுபடி எப்படி நடந்தது என்று மாநிலங்களைக் கேட்டது. அந்த நேரத்தில் யாரிடம் ஊர்வாரியாகக் காகிதம் இருந்ததோ அவர்களால்தான் பதில் சொல்ல முடிந்தது.

பத்திரம் கைக்கு வந்தால் வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள். கல்யாணமானவர்களுக்குப் புருஷன், பெண்டாட்டி இருவர் பெயரும் இருக்க வேண்டும். பரப்பு, நான்கு எல்லை, புல எண் ஆகியவை தீர்மானப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். இந்த நிலம் பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. யாராவது அட்வான்ஸ் தருகிறேன் என்று மலையேறி வந்தால் அதைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். பெயரோ பரப்போ தப்பாக இருந்தால் அன்றைக்கே திருத்த மனு எழுதி, அதற்கும் ஒரு சீல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.